அம்மா பார்க்காத தளிர்

"நகத்தால கீறிப் பாரு. உள்ள பச்சையா இருக்கா, காஞ்சு கெடக்கா?"

சாக்குப் படுதாவுக்கு உள்ளே, சமையலறையில் நின்றுகொண்டு அம்மா கேட்டாள். படுதாவுக்கு வெளியே, புறக்கடையில், நான் மல்லிகைச் செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். செடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது அடுப்புக்கு வெட்டி வைத்த குச்சிக் கட்டு. ஒரு இலை கிடையாது. மார்கழிப் பனி மட்டும் கணுவுக்குக் கணு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கீறினேன். தோல் உரிந்தது. உள்ளே பச்சையா, பழுப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பழுப்பு என்று சொல்ல மனசு வரவில்லை. "கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கும்மா" என்றேன்.

"கொஞ்சம்னா? பயறு மாதிரியா, பாசி மாதிரியா?"

இப்படியெல்லாம் கேட்டால் ஏழாவது படிக்கிற பெண் என்ன பதில் சொல்வாள்? ஆனால் அம்மாவுக்கு வேறு வழியில்லை. தன் வீட்டுத் தோட்டத்தை அந்தப் பனிக்காலம் முழுக்க என் கண்ணால்தான் அவள் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த வாரம் மாசி மாதத் தோட்டத்தைப் பற்றி ஜில்லென்று ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார் பத்திரிகை ஆசிரியர். பனி விலகி முதல் தளிர் எட்டிப் பார்க்கிற நேரம், வாசகர்களுக்கு இதமாக இருக்கும் என்றார். அவர் நல்ல மனிதர். முதல் தளிர் என்றதும் எனக்கு வயிறு எரியும் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டுவிட்டார், எழுதுகிறேன். இதம் வேண்டியவர்கள் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகலாம்.

விழுந்த சுவர்

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெல்ல மண்டிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் இருந்தது. அத்தாவும், அதாவது என் அப்பாவும், அவருடைய அண்ணனும் சேர்ந்து மண்டி நடத்தினார்கள். அந்த அண்ணன் எனக்குப் பெரியத்தா. அடுத்த தெருவில் குடியிருந்தார்.

முன்னறை, நடு அறை, சமையலறை, அதைத் தாண்டினால் புறக்கடை. ஒரு கிணறு, துவைகல், அதைச் சுற்றி அம்மாவின் ராஜ்ஜியம். மல்லிகை, மாதுளை, எலுமிச்சை, கறிவேப்பிலை, ஒரு முருங்கை, மூலையில் மருதாணி. பெரிய தோட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். ஆனால் மண்டி வீதியில் வேறு எந்த வீட்டிலும் ஒரு பச்சை இலை கிடையாது. எல்லாரும் காலி இடத்தில் சிப்பம் அடுக்கினார்கள். வெல்லம் கட்டிய ஓலைச் சிப்பமும் எறும்பும் இல்லாத ஒரே இடம் எங்கள் புறக்கடைதான்.

ஐப்பசி மழையில் ஒரு காலை மண்டிக்குப் போன அத்தாவை மத்தியானம் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நெஞ்சு வலி என்றார்கள். அதே மழையில், அடக்கம் முடிந்த அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, புறக்கடையின் மண்சுவர் பொத்தென்று சந்துப் பக்கமாகச் சரிந்தது.

அத்தாவின் சாவு அம்மாவை விதவை ஆக்கியது. சுவர் விழுந்தது அவளைச் சிறை வைத்தது. எங்களில் புருஷன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் 'இத்தா' இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது, பூவும் மருதாணியும் கூடாது. சுவர் நின்றிருந்தால் அம்மா கிணற்றடி வரை வந்திருக்கலாம். விழுந்துவிட்டதால் சந்தில் போகிற கைவண்டிக்காரர்களுக்கெல்லாம் எங்கள் புறக்கடை திறந்த மேடை ஆகிவிட்டது.

காவலுக்கு வந்தவள் என் குப்பி, அதாவது அத்தாவின் அக்கா. அவளும் விதவை. பெரியத்தாவின் வீட்டில் அவர் போட்ட சோற்றைத் தின்று இருந்தவள். வந்த அன்றே ஒரு பழைய கோணிச் சாக்கைப் பிரித்து சமையலறையின் பின்வாசலில் தொங்கவிட்டாள். "இதத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து நான் சந்து வழியாகச் சுற்றித்தான் புறக்கடைக்குப் போனேன்.

இதெல்லாம் எங்கே சொல்லியிருக்கிறது என்று பின்னால் வளர்ந்து தேடிப் பார்த்தேன். சொந்த வீட்டு முற்றத்தில் நிற்கக் கூடாது என்று நான் தேடியவரை எங்கும் இல்லை. எங்களுக்குக் குப்பி சொன்னாள். அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அந்த யாரோவை நான் கடைசி வரை பார்த்ததில்லை.

சுவரை நாலு ஆள் வைத்தால் இரண்டு நாளில் எழுப்பியிருக்கலாம். பெரியத்தாவிடம் குப்பி கேட்டாள். "மழை நிக்கட்டும்" என்றார். மழை நின்றது. "பெருநாள் போகட்டும்" என்றார். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் மார்கழியை ஒட்டி வந்தது. அவர் வீட்டுக் குர்பானி ஆட்டை எங்கள் புறக்கடையில்தான் கட்டினார்கள். மருதாணியில் பாதியை அது மேய்ந்து தீர்த்தது.

கல்கண்டு

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்லிச் சிரித்த கதை.

அம்மாவின் நிக்காஹ் அன்று, "இன்னாரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா" என்று கேட்கச் சாட்சிகள் உள்ளே வந்தார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெரியம்மா ஆசையில் அம்மாவின் வாயில் பெரிய கல்கண்டுக் கட்டியைத் திணித்திருந்தாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்தபடி இருந்தாள். மறுபடி கேட்டார்கள். கல்கண்டு கரையவில்லை. பெண்ணுக்கு வெட்கம், பேசாமல் இருப்பதே சம்மதம் என்று சாட்சிகள் திரும்பிப் போய்விட்டார்கள்.

"எனக்கு உங்கம்மா சம்மதம் சொன்னதே இல்ல, கல்கண்டுதான் சொல்லுச்சு" என்று அத்தா கிண்டல் செய்வார். அம்மா கரண்டியை ஓங்குவாள். சாட்சிகளோடு கூட வந்து கதவுக்கு வெளியே நின்றவர் பெரியத்தா. அவரும் இந்தக் கதைக்குச் சிரிப்பார்.

அம்மா அவர் முன்னால் சிரிக்க மாட்டாள். புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீடுகளில் மரியாதைக் குறைவு. அவர் வந்தால் அம்மா உள்ளே போய்விடுவாள். அவர் கேட்பதற்கு அத்தா மூலமோ என் மூலமோதான் பதில் போகும். கலியாணமாகி அத்தனை வருஷத்தில் அம்மாவின் குரலை அவர் நேரில் கேட்டிருக்கவே மாட்டார்.

அரிசி முனை

மல்லிகையைக் கார்த்திகை கடைசியில் வெட்டிவிட வேண்டும். அதை எப்போதும் அத்தாதான் செய்வார். அந்த வருஷம் நான் செய்தேன், படுதாவுக்குள்ளிருந்து அம்மா சொல்லச் சொல்ல.

"உன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல விட்டுட்டு, மீதிய வெட்டிரு. பயப்படாத."

துணி வெட்டுகிற கத்தரியால் வெட்டினேன். குப்பி வந்து பார்த்துவிட்டு, சாவு விழுந்த வீட்டில் பூச்செடியை வேறு கொன்றாயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவுக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. தன் முழங்கால் எது, என் முழங்கால் எது, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. அதனால்தான் தினமும் அந்த நகக் கீறல்.

அந்தச் செடி ராசிபுரத்துக்கு அந்தப் பக்கத்துக் கரும்புக் காட்டிலிருந்து வந்தது. வெல்லம் கொண்டுவருகிற விவசாயி ஒருவரின் மனைவி, பாப்பாயி அம்மா என்பவர், வண்டியோடு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போவார். எனக்கு முதல் பிறந்தநாள் வந்த சமயம் வாழை மட்டையில் சுற்றி ஒரு மல்லிகைக் குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தாராம். ஆகவே செடிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சேலத்தில் என்ன பெரிய பனி என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம். ஏற்காட்டு மலையிலிருந்து விடியற்காலையில் இறங்குகிற காற்று போதும். தேங்காயெண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். எலுமிச்சை இலை ஓரம் சுருண்டுகொள்ளும். சந்து முனையிலிருந்த வேம்பு மஞ்சள் இலையாகக் கொட்டும். எங்கள் மாதுளை அந்தத் தை முழுக்க முள்ளும் குச்சியுமாக நின்றது.

முதலில் வந்தது மாதுளைதான். தை முடிகிற சமயம் ஒரு காலையில் பல் விளக்கப் போனவள் பார்த்தேன். குச்சியின் நுனியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டப் போனேன். எறும்பு இல்லை.

"அம்மா, மாதுளையில செவப்பா ஒண்ணு இருக்கு."

"தொடாத. அதான் எலை. மொதல்ல செவப்பாத்தான் வரும்."

அம்மாவின் குரலில் அத்தா இறந்த பிறகு முதல்முறையாக ஒரு அவசரம் இருந்தது. படுதாவில் சாக்குத் துணி நகர்ந்தது. இரண்டு பக்கமும் குப்பி நிலையோடு ஆணியடித்து வைத்திருந்ததால் ஓரத்தில் ஒரு விரல்கூட வெளியே வரவில்லை.

இரண்டு மூன்று நாளில் மல்லிகையிலும் வந்துவிட்டது. வெட்டின இடத்துக்குக் கீழே, கணுவில், அரிசியின் முனையளவு ஒரு பச்சை. ஒன்று இல்லை, கணுவுக்குக் கணு. சொன்னதும் அம்மா படுதாவை ஒட்டி வந்து நின்றாள். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். எல்லாக் கணுவுலயுமா? நல்லாப் பாத்தியா?" என்றாள்.

பறித்து வந்து காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "நான் வெளிய வந்து பாத்துக்கறேன். மாசியில முடிஞ்சிரும்ல."

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் இருக்கிறதா தெரியாது. இத்தா முடிந்த பெண்ணைக் குளிப்பாட்டி, பின்வாசல் வழியாக அழைத்து வந்து முதலில் ஒரு பச்சையைப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குத் தன் கையால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். அதன்பிறகுதான் ஊர் முகம் பார்ப்பது. அம்மா அந்த நாளுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் மிகை போலத் தோன்றும், ஆனால் பக்கத்தில் இருந்தவள் நான். அவளுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. மண்டி பெரியத்தாவிடம் போயாயிற்று. அத்தாவின் சட்டைகளைக்கூடக் குப்பி யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அஸர் தொழுகை

அதே வாரம் ஒரு சாயங்காலம். அஸர் தொழுகைக்கு அம்மா நடு அறையில் பாய் விரித்து நின்றிருந்தாள். நான் முன்னறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியத்தா வந்து நடு அறைத் திரைக்கு வெளியே நின்றார். குப்பி கூடவே நின்றாள்.

"அம்மா தொழுதுட்டு இருக்காங்க பெரியத்தா" என்றேன்.

"இருக்கட்டும். காது கேக்குமில்ல" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னார். "ஜெய்த்தூனு, மண்டியில எடம் பத்தல. தை வெல்லம் வண்டி வண்டியா வந்து எறங்குது. பொறத்தால சுவரு விழுந்து சும்மாதான கெடக்குது. அங்க ஒரு குடோன் போட்டுரலாம்னு பாக்கறேன். என்னம்மா சொல்ற?"

தொழுகையில் நிற்கிறவர்கள் பேசக் கூடாது. இது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். உள்ளே அம்மா குனிந்து நிமிர்கிற வளையலில்லாத சத்தம் மட்டும் கேட்டது. புடவை உராய்கிற சத்தம்.

அவர் இன்னொரு தரம் கேட்டார். கொஞ்சம் நின்றார். பிறகு குப்பியைப் பார்த்து, "நிக்காஹ்வுக்குக் கேட்டப்பவே வாயத் தொறக்காத புள்ள. பேசலைன்னா சம்மதம்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சிரித்துக்கொண்டே போனார்.

கன்னிப் பெண்ணுக்குத்தான் அந்தச் சலுகை, ஒருமுறை வாழ்ந்தவள் தன் வாயால் சொல்லியாக வேண்டும் என்று பின்னால் ஒரு பயான் சொற்பொழிவில் கேட்டேன். அதுவும் கலியாணத்துக்கு. கிணற்றடிக்கும் மல்லிகைக்கும் யார் எங்கே அந்தச் சட்டம் எழுதினார்கள்? பெரியத்தா ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முன் வரிசையில் நின்றவர். அவருக்குத் தெரியாததா.

அம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த வேகத்தில், "ஓடு ரஹ்மத்து. வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லு" என்றாள்.

ஓடினேன். மண்டியில் இரண்டு வியாபாரிகளோடு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க, அங்க செடியெல்லாம் தளிர் விட்டிருக்குங்க என்றேன்.

"கேட்டப்ப அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் பெரியத்தா, மற்ற இருவரையும் பார்த்து. "சின்னப் புள்ளைய அனுப்பி வுட்டா ஆச்சா?" அவர்களும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வெல்லத் துண்டை எடுத்து நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன்.

தளிரும் செங்கல்லும்

அம்மா கலங்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாளுதான. நானே வெளிய வந்து அவருகிட்ட நேரா பேசிக்கறேன்" என்றாள். புருஷனின் அண்ணனிடம் நேராகப் பேசுவேன் என்று அவள் சொன்னதே எனக்குப் பெரிய ஆச்சரியம். குப்பி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அதுமுதல் காலையில் எனக்கு இரண்டு கேள்விகள் வந்தன. என்ன தளிர்த்திருக்கிறது? என்ன வந்து இறங்கியிருக்கிறது?

மல்லிகையில் முனை விரிந்து எதிரெதிராக இரண்டு இலை. சந்தில் ஒரு வண்டி மணல்.

கறிவேப்பிலையின் அடியில் புதிதாக ஒரு கன்று. மாதுளையை ஒட்டிச் செங்கல் அடுக்கு.

முருங்கையில் பூ, வண்டு ரீங்காரம் உள்ளே வரை கேட்கிறதாம். கொத்தனார் வந்து கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார்.

எலுமிச்சை அரும்பின் வாசனை படுதாவைத் தாண்டிப் போய்விட்டது. அதை நான் சொல்லும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சாக்கில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு வெகு நேரம் நின்றாள். வெளியிலிருந்து பார்த்தால் கோணியில் மூக்கும் நெற்றியும் புடைத்துத் தெரிந்தன.

இத்தா எந்த நாளில் முடிகிறது என்பது பெரியத்தாவுக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கே தெரியும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, நல்ல நாள் என்று வேலையைத் தொடங்கினார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வைத்துப் பாத்திஹா ஓதினார்கள். கூடி நின்றவர்களுக்கு வெல்லம் கொடுத்தார்கள். பிறகு ஒருவன் அரிவாளோடு மல்லிகைப் பக்கம் வந்தான்.

நான் செடியின் முன்னால் போய் நின்றேன். பெரியத்தா என் தோளைப் பிடித்து நகர்த்தி, "அடி பட்டுரும், தள்ளிக்கம்மா" என்று கனிவாகத்தான் சொன்னார். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அரிவாள் விழுந்த சத்தத்தில் படுதாவைப் பார்த்தேன். சாக்கு தரைக்கு ஒரு சாண் மேலே முடியும். அதன் கீழே அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. வலது கால் நிலைப்படியைத் தாண்டி வந்தது. விரல்கள் வெயிலில் இருந்தன. வெளுத்துப்போன விரல்கள்.

உள்ளே குப்பியின் குரல். "மீதி நாலஞ்சு நாளு. இத்தனை நாள் இருந்தத ஒரு செடிக்காக முறிச்சுக்குவியா? நாளைக்கி ஊரு என்ன பேசும்? மைய்யத்தாப் போன புருஷனுக்குச் செய்யற மரியாதையா இது?"

கால் அப்படியே நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வா, வா என்று மனசுக்குள் கத்தினேன். கால் உள்ளே போய்விட்டது.

பெரியத்தா மேல் எனக்கிருக்கும் கோபத்தைப் போல எத்தனையோ பேர் மேல் எத்தனையோ பேருக்கு இருக்கும். ஆனால் உள்ளே போன அந்தக் காலின் மேல் இருக்கிற கோபம்தான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. ஒரு அடி. அந்த ஒரு அடியை அம்மா வைத்திருக்கலாம்.

பச்சை பார்த்தல்

இத்தா முடிந்த அன்று உறவுப் பெண்கள் வந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி வெள்ளைப் புடவை கட்டிவிட்டார்கள். குப்பி கத்தரியால் சாக்குப் படுதாவை வெட்டி எடுத்தாள். பழக்கப்படி பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வெளியே இடுப்புயரச் செங்கல் சுவர். தரையெல்லாம் சுண்ணாம்பும் மணலும். கிணற்றின் மேல் பலகை. வெட்டிய மாதுளைக் குச்சிகளைக் கட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள். செவ்விலைகள் அதிலேயே கருகியிருந்தன.

பச்சை இல்லையே என்று பெண்களுக்குள் குசுகுசுத்தார்கள். குப்பி என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கி வந்தேன். அதை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து, "பிஸ்மி சொல்லிப் பாரு" என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் கையில் கொடுத்தாள்.

அம்மா பார்த்தாள். தண்ணீரைச் சுண்ணாம்புத் தரையில் ஊற்றினாள். கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போய் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு மத்தியானக் குழம்பில் அது கிடந்தது. நேராகப் பேசிக்கொள்கிறேன் என்றாளே, அந்தப் பேச்சை அவள் அதன்பிறகு எடுக்கவே இல்லை. எதைக் காப்பாற்றப் பேசுவது?

பங்குனியில் கடைசி வண்டியோடு பாப்பாயி அம்மா வந்தார். புறக்கடைக் கதவைத் திறந்தவர் வெல்லச் சிப்பங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, பொடக்காளில இருந்த செடியெல்லாம் எங்கீங்க?"

அம்மா மோர் எடுக்க உள்ளே போனாள். நான் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, "நீ அழுவாத சாமி. எங்கூட்டுல தாய்ச் செடி கெடக்குது. அடுத்த தடவ வாரப்ப வேரோட கொண்டாறேன். ஒரு தகரத்துல வெச்சாலும் வந்துருமுங்க" என்றார்.

சொன்னபடி கொண்டுவந்தார். ஈர மட்டையில் சுற்றி, இரண்டு இலையோடு. அம்மா கையை நீட்டவில்லை.

"வேண்டாங்க்கா. எடுத்துட்டுப் போயிருங்க. அது முளைக்குதா முளைக்குதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது."

பாப்பாயி அம்மா மோர் குடிக்காமல் போனார்.

ஹஜ்ஜுக்கு முன்னால்

எண்பதுகளின் நடுவில், நான் நாமக்கல்லில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பெரியத்தா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். போகிறவர்கள் உறவுக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்ததை மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதில் ஆண்டவன் குறுக்கே வர மாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை.

ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வார விடுமுறைக்கு நான் வந்திருந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனையோடு வந்தார். தாடியும் வெளுத்திருந்தது. அம்மா எழுந்து நடு அறைக்குப் போய்விட்டாள். திரைக்கு வெளியே, அன்றைக்கு நின்ற அதே இடத்தில், பெரியத்தா நின்றார். இப்போது கூட நிற்கக் குப்பி உயிரோடு இல்லை.

"ஜெய்த்தூனு, பயணம் போறேம்மா. நான் ஏதாவது தப்புச் செஞ்சிருந்தா பொறுத்துக்க."

உள்ளே சத்தமில்லை. பின்னால் குடோனில் யாரோ சிப்பம் இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தெரிஞ்சும் தெரியாமலும் நடந்திருக்கும். ஒரு வார்த்தை, மன்னிச்சேன்னு சொல்லிடும்மா."

காத்திருந்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பல வருஷமாக நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் இரக்கமும் வரவில்லை.

பேசலைன்னா சம்மதம் என்று சிரித்துக்கொண்டே அவர் போயிருக்கலாம். போகவில்லை. என் பக்கம் திரும்பி, கெஞ்சுவதுபோல மெல்லக் கேட்டார்.

"உங்கம்மா தொழுகையில இருக்காளா?"

நான் திரையை விலக்கிப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து, முழங்காலில் கையைக் கோத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க பெரியத்தா" என்றேன். "சும்மாதான் உக்காந்திருக்காங்க."

அவர் வாசலுக்குப் போனார். செருப்பு அங்கேதான் கிடந்தது. போட்டுக்கொள்ள அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.